பதினொரு இன்னிங்ஸ், ஆளுக்கொரு அறிவுரை

சாய் சுதர்சன் மெதுவாக ஆடுகிறார், இருபது ஓவர் மேட்ச்சுக்கு இது போதாது என்று 2024-ல் சொன்னது யார்? நாம்தான். சரி என்று அவர் அடித்து ஆடிக் காட்டியதும், 'இதெல்லாம் ஐபிஎல் ஆட்டம், டெஸ்ட்டுக்குப் பொறுமை வேணும்' என்று 2025 ஜூனில் சொன்னது யார்? அதுவும் நாம்தான். அதே வருஷம் நவம்பரில் கவுகாத்தியில் 139 பந்து நின்று 14 ரன் எடுத்தபோது, 'என்னய்யா இது, ஒரே டொக்கு, ரன் அடிக்கத் தெரியுமா தெரியாதா' என்று கேட்டது யார்? கையைத் தூக்குங்க பார்ப்போம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஒரு இளம் பேட்ஸ்மேன் தடுமாறும்போது, 'ஆட்டத்தை மாத்து' என்று சொல்வதற்கு முன்னால் மாற்றிக்கொள்ள அவனுக்கு இடமும் நேரமும் கொடுத்தோமா என்று பார்க்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் அறிவுரை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

முதலில் கணக்கு. பி.காம் படிக்கிறவனுக்கு வேறு என்ன தெரியும்!

2022 ஐபிஎல்லுக்கு குஜராத் டைட்டன்ஸ் அவரை 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023-ல் 8 மேட்ச், 362 ரன். அந்த வருஷ ஃபைனலில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96. மஞ்சள் சட்டையோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எங்க ஊர் பசங்களுக்கு, நம்ம தமிழ்நாட்டுப் பையன் என்று சந்தோஷப்படுவதா, நம்ம பவுலரை இப்படி அடிக்கிறானே என்று திட்டுவதா என்றே புரியவில்லை. 2024-ல் 527 ரன், ஸ்ட்ரைக் ரேட் 141. அப்போதுதான் 'ஸ்லோ' என்ற புகார். 2025-ல் 759 ரன், ஸ்ட்ரைக் ரேட் 156, ஆரஞ்சு கேப். 20 லட்சம் 8.5 கோடியாகி இருந்தது. கேட்ட மாற்றத்தைச் செய்து காட்டிவிட்டார் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்து டெஸ்ட். 2025 ஜூன் 20, லீட்ஸில் அறிமுகம். 0, 30. இரண்டு முறையும் ஸ்டோக்ஸ் பந்தில், லெக் சைடில் அவுட். உடனே அணியை விட்டு வெளியே. பர்மிங்காம், லார்ட்ஸ் இரண்டு டெஸ்ட்டிலும் அவர் இல்லை. மான்செஸ்டரில் திரும்ப வந்து 61, 0. ஓவலில் 38, 11. அப்புறம் நம்ம ஊரில் வெஸ்ட் இண்டீஸோடு அகமதாபாத்தில் 7, டெல்லியில் 87, 39. தென்னாப்பிரிக்கா வந்தபோது கொல்கத்தாவில் மறுபடி வெளியே. கவுகாத்தியில் மறுபடி உள்ளே. 15, 14.

கூட்டிப் பாருங்கள். 2025 நவம்பர் முடிய 6 டெஸ்ட், 11 இன்னிங்ஸ், 302 ரன், சராசரி 27.45. நல்ல கணக்கா? இல்லை. ஒன் டவுன் ஆடுகிறவருக்கு இது போதாது. இதில் யாரோடும் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை வேறு இடத்தில். அந்த லீட்ஸ் டெஸ்ட்டிலிருந்து கவுகாத்தி வரைக்கும் இந்தியா ஆடியது 9 டெஸ்ட். ஒன் டவுனில் யார் யார் இறங்கினார்கள்? சாய் சுதர்சன், கருண் நாயர், மறுபடி சாய், வாஷிங்டன் சுந்தர், மறுபடி சாய். ஐந்து மாதத்தில் நான்கு முறை ஆள் மாற்றம். திராவிடும் புஜாராவும் வருஷக்கணக்கில் வேர் விட்டு நின்ற இடம் இது. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது போல ஆக்கிவிட்டார்கள்.

இதில் ஆட்டத்தை மாற்றுவது என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். டிவியில் பார்க்கிறவர்களுக்கு அது ரொம்ப சுலபம். 'தலை ஆஃப் சைடுக்கு சாயுது, நேரா நில்லுப்பா.' முடிந்தது. மட்டை பிடிக்கிறவனுக்கு அப்படி இல்லை. கார்டை இரண்டு அங்குலம் நகர்த்தினால்கூட ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்ற உணர்வே மாறிப்போகும். நேற்றுவரை யோசிக்காமல் விட்ட பந்தை இன்றைக்கு விடலாமா ஆடலாமா என்று யோசிக்க வேண்டும். 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து அரை செகண்டுக்குள் வந்துவிடும். யோசிக்க ஏது நேரம்? உடம்பு தானாகச் செய்ய வேண்டும். அது தானாகச் செய்யும் வரை நெட்ஸில் ஆயிரக்கணக்கில் பந்து ஆட வேண்டும். நடுவில் கொஞ்ச நாள் பழைய ஆட்டமும் போயிருக்கும், புது ஆட்டமும் வந்திருக்காது. ரன் இன்னும் குறையும். அந்த இடைக்காலத்தில் அவனைத் தூக்கிவிட்டால் அந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

விராட் கோலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 இங்கிலாந்து டூரில் 10 இன்னிங்ஸில் 134 ரன். சராசரி 13.40. சாய் சுதர்சனின் 27 இதற்குப் பக்கத்தில் ராஜா மாதிரி தெரியும். ஆனால் கோலி ஐந்து டெஸ்ட்டும் ஆடினார். யாரும் தூக்கவில்லை. ஊருக்கு வந்து சச்சினிடம் போனார். நிற்கும் அகலத்தை மாற்றினார், இடுப்பு சீக்கிரம் திறந்துகொள்வதைச் சரிசெய்தார். ரவி சாஸ்திரி சொல்லி கிரீஸுக்கு வெளியே நின்று ஆடிப் பார்த்தார். அடுத்த ஆஸ்திரேலியா டூரில் நான்கு சதம், 692 ரன். 2018-ல் அதே இங்கிலாந்தில் 593 ரன். அவர் மாறினார், உண்மைதான். அடுத்த டெஸ்ட்டில் என் பெயர் இருக்குமா என்ற பயம் அவருக்கு அப்போது இருந்திருந்தால் அத்தனையையும் நிதானமாகப் பிரித்து மாட்டியிருக்க முடியுமா?

'கோலி ஏற்கனவே டெஸ்ட்டில் சதம் அடித்து நிரூபித்தவர், இவர் என்ன செய்தார்' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்போ நிரூபித்த இன்னொருவரைப் பார்ப்போம். 2016 டிசம்பரில் நம்ம சேப்பாக்கத்தில் 303 நாட் அவுட் அடித்தார் கருண் நாயர். அதற்கப்புறம் நான்கு இன்னிங்ஸ். 2017 மார்ச்சோடு ஆள் காலி. திரும்ப டெஸ்ட் ஆட 2025 ஜூன் ஆனது, சாய் சுதர்சன் அறிமுகமான அதே லீட்ஸில். முச்சதம் அடித்தவனுக்கே நான்கு இன்னிங்ஸ்தான் என்றால், நிரூபித்தவனுக்குப் பொறுமை காட்டுவோம் என்ற பேச்சை யாரை நம்பச் சொல்கிறீர்கள்?

இலங்கையின் மார்வன் அட்டப்பட்டு கதை பலருக்குத் தெரியும். 1990-ல் நமக்கு எதிராக அறிமுகம்: 0, 0. 1992-ல் 0, 1. 1994-ல் 0, 0. ஆறு இன்னிங்ஸில் மொத்தமே ஒரு ரன். 1997-ல்தான் அடுத்த வாய்ப்பு. கடைசியில் 90 டெஸ்ட், 5502 ரன், அதில் ஆறு இரட்டைச் சதம். 'பார்த்தீங்களா, அவரையும் தூக்கினாங்களே, நல்லதுதானே ஆச்சு' என்று சொல்லலாம். வந்து சேர்ந்துவிட்டார் என்பதால்தான் அவர் கதை நமக்குத் தெரிகிறது. இடையில் போன அந்த ஏழு வருஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

தூக்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் தூக்குவதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. பெரிய அணி ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன அணிகள். பெரிய அணியில் பந்து மட்டையில் படாமல் திணறுகிற பையனைக் கீழே அனுப்பிவிடுவார்கள். அங்கே அவன் தினம் ஆடலாம், மட்டை சுற்றுவதைத் திருத்திக்கொள்ளலாம். மிக்கி மேன்டில் என்ற ஜாம்பவானை 1951-ல், 19 வயதில், நியூயார்க் யாங்கீஸ் அணி இப்படித்தான் கான்சஸ் சிட்டிக்கு அனுப்பியது. அதே சீசனில் திரும்ப வந்தார். ஆட்டத்தை விடும்போது அவர் கணக்கில் 536 ஹோம் ரன். அங்கே கீழே அனுப்பினால் ஆட அனுப்புகிறார்கள். இங்கே இங்கிலாந்து டூரில் இரண்டு டெஸ்ட் வெளியே உட்கார்ந்தவர் அந்த நாட்களில் எந்த மேட்ச்சில் போய்த் திருத்திக்கொள்வார்? பெஞ்சில் உட்கார்ந்துகொண்டா?

இது ஏதோ இந்திய அணியின் பிரச்சனை, மேல்சித்தாமூரில் இருக்கிற உனக்கென்ன என்று கேட்கலாம். இந்த வியாதி மேலிருந்து கீழே வரைக்கும் ஒன்றுதான். செஞ்சி, திண்டிவனம் பக்கம் நடக்கிற டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுகளைப் பாருங்கள். எட்டு ஓவர் மேட்ச். பத்தாவது படிக்கிற பையன் ஒருவன் முதல் மேட்ச்சில் டக் ஆனால் அடுத்த மேட்ச்சில் பதினோராவது ஆளாக இறங்குவான். அதற்குள் ஒரு அண்ணன் 'கிராஸ் பேட் போடாதடா' என்பார். இன்னொரு அண்ணன் 'தூக்கி அடிடா, டொக்கு வைக்கவா வந்த' என்பார். மாவட்ட அணித் தேர்வுக்குப் போக ஆசைப்பட்ட ஒரு தம்பியை எனக்குத் தெரியும். கவர் டிரைவ் அவ்வளவு அழகாக ஆடுவான். ஆளாளுக்குச் சொன்னதை எல்லாம் கேட்டு ஒரே வருஷத்தில் மூன்று விதமாக நின்று பார்த்தான். இப்போது மட்டையைத் தொடுவதில்லை, அம்பயர் நிற்கிறான். அவன் சாய் சுதர்சன் ஆகியிருப்பான் என்று சொல்லவில்லை. ஆனால் அவனுடைய சொந்த ஆட்டம் என்னவென்று தெரிந்துகொள்ளும் முன்பே அதை அவனிடமிருந்து பிடுங்கிவிட்டோம்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. இந்திய டெஸ்ட் அணி பயிற்சிக்கூடம் இல்லை, வெளியே எத்தனை பேர் ரஞ்சியில் ரன் குவித்துக் காத்திருக்கிறார்கள், இவர் தேர்வானபோது முதல்தர சராசரி 40-ஐக்கூடத் தொடவில்லையே என்பது. ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அவரை எடுத்திருக்கவே கூடாது. ரஞ்சியில் இன்னும் இரண்டு வருஷம் ஆடச் சொல்லியிருக்கலாம். 2024 அக்டோபரில் டெல்லிக்கு எதிராக 213 அடித்தவர், அங்கேயும் வளர்ந்திருப்பார். எடுப்பது உங்கள் முடிவு. எடுத்த பிறகு ஒரு டெஸ்ட்டில் முகம் சுளிப்பதும் உங்கள் முடிவு. இரண்டுக்கும் அபராதம் கட்டுவது மட்டும் 23 வயதுப் பையனா?

கவுகாத்தி இன்னிங்ஸுக்கே வருகிறேன். 549 இலக்கு. தோல்வி நிச்சயம், டிரா ஒன்றுதான் வழி. 140-க்கு அணி சுருண்டது, 408 ரன்னில் தோற்றோம். அதில் 139 பந்தைத் தாங்கியது அவர் ஒருவர்தான். வேறு யாரும் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அன்றைக்கு அணிக்கு வேண்டியது நிற்கிற ஆள். நின்றார். அதற்கும் கேலி. ஐபிஎல்லில் வேகம் கேட்டோம், கொடுத்தார். டெஸ்ட்டில் பொறுமை கேட்டோம், கொடுத்தார். அடுத்து என்ன கேட்பது என்று நமக்கே தெரியாததால்தான் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறோம்.

கடை திறந்த முதல் மாதமே லாபம் காட்டு, இல்லாவிட்டால் பூட்டு என்று எந்த முதலாளியும் சொல்ல மாட்டான். முதல் சில மாதத்து நஷ்டம் வியாபாரத்தைக் கற்றுக்கொள்ளும் செலவு. அதை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறான். தேர்வுக் குழுவும் அதைச் செய்யட்டும். ஒருவரை ஒன் டவுனுக்கு எடுத்தால் பத்து டெஸ்ட் என்று முதலிலேயே அவரிடம் சொல்லுங்கள். பத்து முடிந்ததும் கணக்கைப் பாருங்கள். தேறவில்லை என்றால் நன்றி சொல்லி, எதைத் திருத்த வேண்டும் என்பதையும் சொல்லி ரஞ்சிக்கு அனுப்புங்கள். சாய் சுதர்சனாக இருந்தாலும் சரி, அவருக்கு அடுத்து வருகிறவராக இருந்தாலும் சரி.

அது வரைக்கும் அந்தப் பையனின் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவரும் அவருடைய கோச்சும் பார்த்துக்கொள்வார்கள். நாம் டிவி வால்யூமைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நம்ம வால்யூமையும்தான்.