எண்ணூர் ஆற்றை மூடும் 'காக்கா ஆழி'!

எண்ணூர் கழிமுகத்தில் இறங்கி இறால் தடவும் தொழிலாளியின் கையில் இப்போது சிக்குவது இறால் அல்ல; சிப்பி! கருப்பாகக் கொத்துக் கொத்தாக இருக்கும் இதற்கு மீனவர்கள் வைத்துள்ள பெயர் 'காக்கா ஆழி'.

இதன் பிறந்த ஊர் தென் அமெரிக்கா. எண்ணூருக்கு இதைக் கூட்டி வந்தது யார்? கப்பல்தான் என்பது விஞ்ஞானிகள் கணிப்பு. சரக்கு இல்லாத கப்பல், ஆட்டம் காணாமல் இருக்கக் கடல்நீரை ஏற்றிக் கொள்ளும். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதைக் கொட்டிவிடும். நீரோடு சிப்பிக் குஞ்சும் இறங்கிவிடும்.

இறங்கியது சும்மா இருக்கிறதா? ஒன்றோடு ஒன்று நாரால் பின்னிக் கொண்டு, ஆற்றின் அடியில் பாய் விரித்தாற்போலப் படர்கிறது. இறால் புதையச் சேறு இல்லை. நம்மூர் மட்டிக்கு இடம் இல்லை. ஆறு இருக்கு, மீனவனுக்குப் பொழப்பு இல்லை!

கப்பல் நீரைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் 2017 செப்டம்பர் 8-ந்தேதி அமலுக்கு வந்தது. காகிதத்தில் ஒப்பந்தம் இருந்தால் ஆற்றில் சிப்பி செத்துவிடுமா?

பசுமைத் தீர்ப்பாயம் வரை விவகாரம் போனது. வேலையும் அதே வேகத்தில் நடக்க வேண்டாமா? சிப்பியை வாரிக் கரையோரம் குவித்தால் போதாது. மறுபடி ஆற்றில் விழாதபடி அப்புறப்படுத்த வேண்டும். துறைமுகத்தில் கப்பல் நீரைச் சோதிக்க வேண்டும். வேலை இழந்தவர்களுக்கு நிவாரணம் தர வேண்டும்.

கப்பல் வரட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மீனவன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு வரக் கூடாது!