பேரம் பேசத் தெரியாதவர்களா?

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பஸ்ஸில் நமக்கு முன் ஆசனத்தில் இரண்டு நர்ஸுகள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவளுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அவளோடு அதே நாளில் சேர்ந்த ஆண் நர்ஸுக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய் அதிகமாம்.

"நீயும் கேட்டிருக்கலாமே?"

"கேட்டால் என்ன நினைப்பார்களோ, அக்கா!"

மாமல்லபுரத்தில் இறங்கியதும் அதே பெண் ஒரு மீன்கூடையின் முன் நின்றாள். முந்நூறு என்று ஆரம்பித்த விலை இருநூற்றிருபதில் வந்து நின்றது. ஸ்திரீகளுக்குப் பேரம் பேசத் தெரியாது என்று சாதிக்கும் பண்டிதர்கள் அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும்! கூடைக்காரியும் ஸ்திரீதான் அல்லவா?

மீனின் விலை பக்கத்துக் கூடையில் தெரிந்துவிடுகிறது. சம்பளமோ மூடுமந்திரம். மேலும், கூடக் கேட்கும் ஆணைக் கெட்டிக்காரன் என்கிறோம். பெண் கேட்டால் வாயாடி என்கிறோம். பின் அவள் ஏன் வாயைத் திறப்பாள்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். அனுபவம், வேலை செய்யும் பிரிவு எல்லாவற்றையும் கணக்கிட்ட பிறகும், ஆண் நர்ஸுகள் வருஷத்துக்கு 5,000 டாலருக்குமேல் அதிகம் பெறுவதாக 2015-ல் ஓர் ஆராய்ச்சி கண்டது. ஆனால் அதே தேசத்தில் நடந்த இன்னொரு சோதனையைக் கேளுங்கள். 'சம்பளம் பேசித் தீர்மானிக்கப்படும்' என்று விளம்பரத்திலேயே அச்சிட்டபோது, பெண்களும் ஆண்களுக்குச் சமமாகவே பேரம் பேசினார்கள்.

செங்கற்பட்டு சர்க்கார் ஆஸ்பத்திரியில் நிரந்தர நர்ஸுகளுக்குச் சம்பள விகிதம் அச்சில் இருக்கிறது. ஆண், பெண் என்ற பேதத்துக்கு அதில் இடமில்லை. ஒப்பந்த நர்ஸுகளுக்கும் பேதமில்லைதான். ஆனால் இருபாலாருக்கும் கொடுத்தது வெறும் 7,700 ரூபாய்! 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னையில் திரண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஹைகோர்ட் தலையிட்டது; வேலைக்குத் திரும்பினார்கள். நிரந்தர வேலை என்ற முக்கியக் கோரிக்கை அன்று கைகூடவில்லை. ஆயினும் சம்பளம் பின்னர் 14,000 ஆகி, 18,000 ஆயிற்று. தனியாகக் கேட்கக் கூசிய நாக்குகள் கூட்டத்தில் கூசவில்லை.

தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. சுப்ரீம் கோர்ட்டின் 2016-ம் வருஷத்து உத்தரவின்படி அமைந்த கமிட்டி, ஐம்பதுக்கும் குறைந்த படுக்கைகள் உள்ள இடத்திலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றது. படுக்கை கூடக் கூடச் சம்பளமும் கூடவேண்டும். இதை ஆஸ்பத்திரி வாசலில் எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்?

அந்தப் பெண்ணின் ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கைகள் என்று கேட்க மறந்துபோனோம். அதற்குள் அவள் மீனுடன் ஆட்டோக்காரரிடம் பேரத்தை ஆரம்பித்துவிட்டாள்.