பழைய காமிராவில் எது நல்லது?

1953-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் டென்சிங். மற்றவர் ஹில்லாரி. டென்சிங் பனிக் கோடரியை உயரத் தூக்கிப் பிடித்தார். ஹில்லாரி படம் எடுத்தார். உலகம் எல்லாம் பார்த்த படம் அது.

ஹில்லாரி கையில் இருந்தது கோடக் கம்பெனியின் "ரெட்டினா" காமிரா. அதற்குப் பாட்டரி கிடையாது. உள்ளே பல் சக்கரங்களும் ஸ்பிரிங்குகளும்தான் இருந்தன. உயிரை உறைய வைக்கும் குளிரிலும் அது வேலை செய்தது.

அந்த மாதிரி பிலிம் காமிராக்களுக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்து இருக்கிறது. செல்போனில் ஆயிரம் படம் எடுத்துச் சலித்துப்போன இளைஞர்கள், "எனக்கு ஒரு பழைய காமிரா வேண்டும்" என்று கேட்கிறார்கள். பெற்றோர் திகைக்கிறார்கள். கடையில் இரண்டு விதமான காமிரா இருக்கிறது. ஒன்று எந்திரக் காமிரா. மற்றொன்று எலெக்ட்ரானிக் காமிரா. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எதை வாங்குவது?

தெரியாமல் வாங்கினால் பணம் போய்விடும். பணம் போனாலும் மீண்டும் சம்பாதிக்கலாம். குழந்தையின் முதல் பிறந்த நாள் படம் போனால், அது திரும்பி வராது. ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

என்ன வித்தியாசம்?

பல காமிராக்களுக்குள் பிலிமுக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கின்றன. இவற்றுக்கு ஷட்டர் என்று பெயர். பொத்தானை அழுத்தியதும் முதல் திரை விலகும். ஒளி உள்ளே போய்ப் பிலிமில் விழும். உடனே இரண்டாவது திரை ஓடி வந்து மூடிவிடும். முதல் திரை கிளம்பியதற்கும், இரண்டாவது திரை கிளம்பியதற்கும் உள்ள நேரம்தான் முக்கியம். அது ஒரு வினாடியாக இருக்கலாம். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியாகவும் இருக்கலாம்.

இந்த நேரத்தைக் கணக்குப் பார்ப்பது யார்? அதில்தான் வித்தியாசம்.

எந்திரக் காமிராவில், பழைய சாவிக் கடிகாரத்தில் இருப்பது போலப் பல் சக்கரங்கள் நேரத்தைக் கணக்கிடுகின்றன. பிலிமை நகர்த்த நீங்கள் நெம்புகோலைத் தள்ளும்போதே ஸ்பிரிங் முறுக்கு ஏறிவிடும். வேலை செய்யும் சக்தி உங்கள் கட்டை விரலில் இருந்து வருகிறது.

எலெக்ட்ரானிக் காமிராவில், ஒரு மின்காந்தம் இரண்டாவது திரையைப் பிடித்துக்கொண்டு இருக்கும். மின்சாரச் சுற்று நேரத்தைக் கணக்கிட்டு, "விடு" என்று உத்தரவு கொடுக்கும். அதற்குப் பாட்டரி வேண்டும். பெரும்பாலான காமிராக்களில், பாட்டரி தீர்ந்தால் காமிராவும் படுத்துவிடும்.

எலெக்ட்ரானிக் வந்த கதை

ஜப்பானில் யாஷிகா கம்பெனி 1966-ம் ஆண்டு "எலெக்ட்ரோ 35" என்ற காமிராவைக் கொண்டு வந்தது. வெளிச்சத்துக்குத் தக்கபடி ஷட்டர் நேரத்தை அதுவே முடிவு செய்தது.

பத்து ஆண்டு கழித்து, 1976-ல் கேனன் கம்பெனி "ஏ.இ.1" காமிராவை வெளியிட்டது. அதற்குள் சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் சில்லு இருந்தது. வேகத்தை நீங்கள் வைத்தால் போதும். ஒளி நுழையும் துவாரம் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு, 1977-ல் கோனிகா கம்பெனி, தானாகவே குறி பார்த்துப் படத்தைத் தெளிவாக்கும் காமிராவை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

இதனால் யாருக்கு நன்மை? வீட்டில் இருந்த சாதாரண மக்களுக்குத்தான்! அதற்கு முன், நல்ல படம் எடுக்க வேண்டும் என்றால் ஒளிக் கணக்குத் தெரிய வேண்டும். தெரிந்தவர் ஒருவர்தான் காமிராவைத் தொடுவார். மற்றவர்கள் முன்னால் நிற்பார்கள். எலெக்ட்ரானிக் காமிரா வந்த பிறகு, அம்மாவும் படம் எடுத்தார். பத்து வயதுப் பிள்ளையும் எடுத்தான். எப்போதும் படம் எடுத்துக்கொண்டே இருந்த அப்பா, முதல் தடவையாகத் தானும் படத்தில் விழுந்தார்.

"எலெக்ட்ரானிக் என்றாலே மட்டம்" என்று சிலர் சொல்கிறார்கள். அது சரி அல்ல. ஓடும் குழந்தையைப் பிடிக்க வேண்டுமா? மேகம் மூடி மூடித் திறக்கிறதா? அங்கே எலெக்ட்ரானிக் காமிராதான் கெட்டிக்காரன். ஷட்டர் நேரத்திலும் அது துல்லியமானது. பழைய எந்திரக் காமிராவில் எண்ணெய் காய்ந்து போயிருந்தால், அதில் எழுதி இருக்கும் வேகத்துக்கும் உண்மையான வேகத்துக்கும் வித்தியாசம் இருக்கும்.

கெட்டுப்போனால்?

இங்கேதான் கதை மாறுகிறது.

எந்திரக் காமிரா கெட்டால், கைத்தொழில் தெரிந்தவர் அதைத் திறப்பார். எந்தச் சக்கரம் தேய்ந்தது என்று கண்ணால் பார்ப்பார். அழுக்கைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்கைச் சரி செய்வார். தேவையானால் ஒரு சிறு பாகத்தைக் கடைந்துகூடச் செய்துவிடலாம்.

எலெக்ட்ரானிக் காமிராவில் சில்லு எரிந்துவிட்டால்? அந்தச் சில்லை இப்போது யாரும் தயாரிப்பது இல்லை. கையால் செய்யவும் முடியாது. இறந்துபோன இன்னொரு காமிராவில் இருந்துதான் எடுத்துப் போட வேண்டும். அதுவும் நாற்பது ஆண்டுப் பழசாகத்தான் இருக்கும்.

புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்றால், அதற்கும் வழி குறைவு. நிக்கான் கம்பெனி 2006-ம் ஆண்டு தன் பிலிம் காமிராக்களில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. 2024-ல் "பென்டாக்ஸ் 17" என்ற புது பிலிம் காமிரா வந்தது. 36 படம் எடுக்கும் சுருளில் அது அரை அளவில் 72 படம் எடுக்கிறது. ஜெர்மனியின் லைக்கா கம்பெனி இன்றும் எந்திரக் காமிரா செய்கிறது. ஆனால் அதன் விலை நம் போன்ற குடும்பங்களுக்கு எட்டாது. ஆகவே, பெரும்பாலோர் வாங்கப்போவது யாரோ பயன்படுத்திய பழைய காமிராதான்.

எந்திரக் காமிராவுக்கும் சாவு உண்டு. பத்து ஆண்டு பெட்டியிலேயே தூங்கினால் எண்ணெய் பிசினாகும். திரை இழுக்கும். ஆனால் அதற்கு வைத்தியம் இருக்கிறது. இதுவே பெரிய வித்தியாசம்.

நடுவில் நிற்பவை

இரண்டுக்கும் நடுவே சில காமிராக்கள் இருக்கின்றன. இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1976-ல் வந்த "பென்டாக்ஸ் கே 1000" ஒரு எந்திரக் காமிரா. 1997 வரை இது தயாரிக்கப்பட்டது. 30 லட்சத்துக்கு மேல் விற்றது. உலகம் எங்கும் மாணவர்கள் இதில்தான் படம் எடுக்கக் கற்றார்கள். இதிலும் பாட்டரி உண்டு. ஆனால் அது வெளிச்சத்தை அளக்கும் முள்ளுக்கு மட்டும்தான். பாட்டரி தீர்ந்தால் முள் அசையாது. காமிரா வேலை செய்யும். 1977-ல் வந்த "நிக்கான் எப்.எம்."மும் இப்படித்தான்.

அதன் தம்பி "நிக்கான் எப்.இ." 1978-ல் வந்தது. அது எலெக்ட்ரானிக். ஆனால் பாட்டரி தீர்ந்தாலும் 90-ல் ஒரு பங்கு வினாடி என்ற ஒரே ஒரு வேகத்தில் அது படம் எடுக்கும். ஆபத்துக்கு உதவும் வழி அது.

2001-ல் வந்த "நிக்கான் எப்.எம். 3 ஏ" இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது. பாட்டரி இருந்தால் நேரத்தைத் தானே முடிவு செய்யும். இல்லாவிட்டால் பல் சக்கரத்தில் எல்லா வேகத்திலும் ஓடும். இரண்டு மாட்டு வண்டிக்கு இரண்டும் நல்ல மாடு! ஆனால் விலை அதிகம்.

பாட்டரியில் ஒரு வில்லங்கம்

1960-களிலும் 1970-களிலும் வந்த பல காமிராக்கள் பாதரசப் பாட்டரிக்காகச் செய்யப்பட்டவை. பாதரசம் விஷம். ஆகவே அந்தப் பாட்டரிகளை நிறுத்திவிட்டார்கள். அதன் அழுத்தம் 1.35 வோல்ட். இப்போது கிடைக்கும் சாதாரணப் பாட்டரி 1.5 வோல்ட். அதைப் போட்டால் பல காமிராக்களில் ஒளிமானி தப்பாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்குப் போடும் காற்றுப் பாட்டரி ஏறக்குறைய பழைய அழுத்தத்தைக் கொடுக்கும். அளவு சரியாக இருக்க ஒரு வளையம் வைத்துப் போடுகிறார்கள். "இந்தக் காமிராவுக்கு என்ன பாட்டரி? இப்போது கிடைக்குமா?" என்று கேட்காமல் எந்தக் காமிராவையும் வாங்கக் கூடாது.

பாட்டரியே இல்லாமல் கணக்கு

ஒளிமானி இல்லாமலும் படம் எடுக்கலாம். அதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது.

நல்ல வெயில் நேரத்தில் துவாரத்தை 16 என்ற எண்ணில் வையுங்கள். பிலிம் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்து வேகத்தை வையுங்கள். 100 எண் பிலிம் என்றால், 125-ல் ஒரு பங்கு வினாடி. 400 எண் பிலிம் என்றால், 500-ல் ஒரு பங்கு வினாடி. மேகம் மூடினால் துவாரத்தை 8 என்ற எண்ணுக்குத் திறவுங்கள். எண் குறையக் குறைய, துவாரம் பெரிதாகும். அவ்வளவுதான் கணக்கு!

இதை ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், ஒளி என்பது என்ன என்று அவனுக்குப் புரிந்துவிடும். அதன் பிறகு செல்போனில் எடுத்தாலும் நல்ல படம் எடுப்பான். எலெக்ட்ரானிக் காமிரா இதைச் சொல்லிக் கொடுப்பது இல்லை. அது படத்தைக் கொடுக்கும். பாடத்தைக் கொடுக்காது.

கடையில் பார்க்க வேண்டியவை

ஒன்று: பாட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்து இருந்தால், பாட்டரி கசிந்து இருக்கிறது. எலெக்ட்ரானிக் காமிராவாக இருந்தால் தொடவே வேண்டாம்.

இரண்டு: வேகத்தை ஒரு வினாடிக்கு வைத்து அழுத்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். திரை பாதியில் நின்றாலோ, இழுத்து இழுத்து மூடினாலோ, சர்வீஸ் செலவு காத்து இருக்கிறது.

மூன்று: லென்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உள்ளே சிலந்திக் கூடு போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். ஈரக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இது அதிகம். காமிராவைத் தோல் உறையில் மூடி வைத்தால் பூஞ்சணம் வரும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலத்தோடு வையுங்கள்.

நான்கு: பின் கதவு ஓரத்தில் கறுப்பு நுரைப் பட்டை இருக்கும். அது பிசுபிசு என்று உதிர்ந்தால் வெளிச்சம் கசியும். இது சின்னப் பழுது. மாற்றிக்கொள்ளலாம்.

ஐந்து: எலெக்ட்ரானிக் காமிராவைப் புதுப் பாட்டரி போட்டுத்தான் பார்க்க வேண்டும். "பாட்டரி போட்டால் ஓடும்" என்ற வாய்ச்சொல்லை நம்பக் கூடாது.

ஆறு: எந்தக் காமிராவாக இருந்தாலும், முதல் சுருளைச் சோதனைக்காக எடுத்துக் கழுவிப் பாருங்கள். அதன் பிறகுதான் கல்யாணத்துக்குக் கொண்டு போகலாம். அப்போதும் செல்போனில் நாலு படம் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

முடிவு என்ன?

உங்கள் மகனோ மகளோ படக்கலையைக் கற்க விரும்புகிறார்களா? எந்திரக் காமிரா வாங்கிக் கொடுங்கள். ஒளிமானி உள்ளே இருப்பதாகப் பாருங்கள். பத்து சுருளில் அவர்கள் கற்பது, பத்தாயிரம் செல்போன் படத்தில் கிடைக்காது.

கற்க நேரம் இல்லை, பேரப் பிள்ளைகளைப் பிலிமில் எடுத்து ஆல்பத்தில் ஒட்டினால் போதும் என்கிறீர்களா? எலெக்ட்ரானிக் காமிரா வாங்குங்கள். தவறே இல்லை. ஆனால் குறைந்த விலையில் வாங்குங்கள். அது ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடும் என்று தெரிந்தே வாங்குங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம் ஊட்டியில் 1960-ல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்கக் கம்பெனி தொடங்கப்பட்டது. 1967 முதல் அங்கே பிலிம் தயாரானது. "இந்து" என்ற பெயரில் அது விற்றது. இன்று அந்தத் தொழிற்சாலை ஓடவில்லை. வாங்குவோர் குறைந்தால் தொழிலும் அழிகிறது. காமிரா பழுது பார்க்கும் தொழிலும் அப்படித்தான். ஊருக்கு ஊர் இருந்த கைகாரர்கள் குறைந்துவிட்டார்கள். இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது.

எந்திரக் காமிரா நூறு ஆண்டு ஓடும் என்று சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது. அதைத் திறந்து மூடத் தெரிந்த ஒரு மனிதர் இருக்கும் வரைதான் அது ஓடும். ஆகவே காமிராவைத் தேடும் முன், உங்கள் ஊரில் அந்த மனிதர் இருக்கிறாரா என்று தேடுங்கள். இருந்தால், அவரிடமே காட்டி வாங்குங்கள். உரிய கூலியைக் கொடுங்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஒரு பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால், அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள்.