டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

முடி உதிராமல் இருக்க, தோல் சுருங்காமல் இருக்க, மூட்டு வலி குறைய என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி, 'கொலாஜன் பொடி' எங்கள் மண்ணச்சநல்லூர் வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒரு சின்னப் பெண் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, இதுல 'மெரைன்'னு போட்டிருக்கே, அப்படின்னா என்னக்கா?" என்று கேட்டாள். அவளுடைய ஐந்து வயதுப் பையனுக்கு மீன் குழம்பு ஒரு வாய் போனாலே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிடும். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

'மெரைன்' என்றால் கடலைச் சேர்ந்தது. இந்தப் பொடியில் அது பெரும்பாலும் மீன்தான். மீனை நறுக்கியபின் மிஞ்சுகிற தோலையும் செதிலையும் சுத்தம் செய்து வேகவைத்தால் ஜெலட்டின் கிடைக்கும். அதை நொதிகளைக் கொண்டு பொடிப்பொடியாகத் துண்டாக்கினால் 'பெப்டைடு'. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் மீன் கழிவிலிருந்து இதை எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. நன்றாகச் சுத்தம் செய்த பொடியில் மீன் வாடையே தெரியாது. பாலிலும் பழரசத்திலும் கரைந்துபோகும். மூக்கும் நாக்கும் காட்டிக்கொடுக்காது என்பதால்தான் கவனம் வேண்டும்.

"அதான் துண்டு துண்டா ஆக்கிட்டாங்களே, இனிமே என்ன அலர்ஜி?" என்று கேட்கலாம். மீன் ஆகாதவர்களில் பெரும்பாலோருக்கு வினையாவது மீன் சதையிலுள்ள 'பார்வால்புமின்' என்ற புரதம். கொதிக்கவைத்தாலும் அது எளிதில் அழியாது. தோலிலும் செதிலிலும் அது குறைவுதான். ஆனால் சிலருக்கு மீன் கொலாஜனே ஆகாது. துண்டு சிறுக்கச் சிறுக்க வீரியம் குறையும் என்பது உண்மை. இருந்தாலும் எவ்வளவு சிறிதாக்கினார்கள், சதை எவ்வளவு ஒட்டியிருந்தது என்பதெல்லாம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டப்பாவில் 'ஹைட்ரோலைஸ்டு' என்று இருந்தால் துண்டாக்கியது என்றுதான் பொருள். அலர்ஜி வராது என்று பொருள் இல்லை.

இதில் நமக்குத் துணை, டப்பாவின் பின்பக்கம். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிப்படி, பால், முட்டை, வேர்க்கடலை, சோயா போல மீனும் அலர்ஜிப் பட்டியலில் இருக்கிறது. சேர்த்திருந்தால் 'கன்டெய்ன்ஸ் ஃபிஷ்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கம் பக்கத்து மரக்கறிச் சாப்பாட்டுக்காரர்கள் நிறக்குறியையும் பாருங்கள்: பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம்.

வீட்டில் மீன் ஆகாதவர் இருந்தால்:

• டாக்டரைக் கேட்காமல் இந்தப் பொடியை அவருக்குக் கொடுக்காதீர்கள். 'ஒரு சிட்டிகை கொடுத்துப் பார்ப்போம்' என்ற சோதனை வீட்டில் வேண்டவே வேண்டாம்.

• நீங்கள் மட்டும் சாப்பிடுவதானாலும் டம்ளர், ஸ்பூன் தனியாக இருக்கட்டும். அதே ஸ்பூனால் குழந்தையின் பாலைக் கலக்காதீர்கள்.

• பொடியை வேறு டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். லேபிள் போனால் விவரமும் போய்விடும்.

• இறால் ஆகாதவருக்கு மீனும் ஆகாது என்று கட்டாயமில்லை. இரண்டிலும் வினை செய்யும் புரதம் பொதுவாக வேறு. எது ஆகாது என்று டாக்டரிடம் பரிசோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாய் அரிப்பு, தடிப்பு, வாந்தி என்று தொடங்கி, மூச்சு இழுப்பு, தொண்டை அடைப்பு, மயக்கம் வந்தால் அது ஆபத்து. கஷாயம், எலுமிச்சைச் சாறு என்று நேரத்தைப் போக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அப்போது உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. எதைச் சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்பார். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.