ஆறு நாட்டு அவார்டு... பார்த்தது நாலு பேர்!

புதுப்பட்டினத்தில் டீக்கடை வாசலில் நின்று கொண்டு இருந்தேன். தெரிந்த பையன் ஒருவன் ஓடி வந்தான். கல்பாக்கத்தில் காண்டிராக்டரிடம் தினக்கூலிக்கு வேலை பார்க்கும் வாலிபர். கையில் செல்போன்.

"சார், என் படத்துக்கு ஆறு நாட்டுல அவார்டு வந்திருக்கு. பாருங்க!"

பார்த்தேன். இரண்டு பக்கமும் இலை வளைந்த முத்திரை. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு பட விழாவின் பெயர். இப்படி ஆறு!

"ரொம்ப சந்தோஷம் தம்பி. எந்தத் தியேட்டர்ல போட்டாங்க? எத்தனை பேர் பார்த்தாங்க?"

தம்பி விழித்தார்.

"போடலை சார். ஆன்லைன்ல அனுப்பினேன். மெயில்ல சர்டிபிகேட் வந்துச்சு."

"பணம் கட்டினியா?"

"ஒவ்வொண்ணுக்கும் 20 டாலர், 30 டாலர் சார். கேடயம் வேணும்னா அதுக்குத் தனியா கட்டணுமாம்."

கணக்குப் போட்டேன். 12 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. படம் 14 நிமிடம். கூடை தூக்கி மீன் விற்கும் ஒரு பாட்டியின் கதை. அந்தப் பாட்டியே இன்னும் அதைப் பார்க்கவில்லை. பார்த்தது தம்பியின் கூட்டாளிகள் நாலு பேர்தான்!

முத்திரை வியாபாரம்

இது ஒரு தம்பியின் கதை அல்ல. செல்போனில் படம் எடுக்கும் வாலிபர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களை நம்பி உலகம் பூராவும் ஒரு வியாபாரம் நடக்கிறது. தியேட்டர் கிடையாது. நீதிபதி யார் என்று தெரியாது. மாதம் தவறாமல் "விழா" உண்டு. நூறு பிரிவு, நூறு பரிசு. பணம் கட்டியவர் வெறும் கையோடு போவதே இல்லை!

கட்டணம் வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல விழாக்களிலும் சில வாங்குகின்றன. செலவு இருக்கிறதே. ஆனால் வாங்கினால் படத்தை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். தேர்ந்தெடுத்தால் திரையில் போட வேண்டும். அதுவும் இல்லை என்றால் அதற்குப் பெயர் விழாவா? ரப்பர் ஸ்டாம்பு கடை!

திரைக்குப் பின்னால்

நிஜ விழா எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்தப் பித்தலாட்டம் உடனே புரிந்துவிடும்.

சென்னையில் இண்டோ சினி அப்ரிசியேஷன் பவுண்டேஷன் 2003 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடத்தி வருகிறது. தமிழக அரசும் நிதி உதவி கொடுக்கிறது. மேடையில் குத்துவிளக்கு ஏற்றுவதைத்தான் நாம் போட்டோவில் பார்க்கிறோம். நிஜமான வேலை ஆபரேட்டர் அறையில்!

1978-லும் 1991-லும் இந்திய அரசின் பட விழா சென்னையில் நடந்தபோது எல்லாம் பிலிம் சுருள். "பெட்டி வந்தாச்சா?" என்பதுதான் கேள்வி. இப்போது பெட்டி இல்லை. ஹார்டு டிஸ்க் வருகிறது. ஆனால் பல படங்களுக்குப் பூட்டு உண்டு. சாவி தனியாக ஈ-மெயிலில் வரும். எந்த மெஷின், எந்தத் தேதி, எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை என்று அதிலேயே இருக்கும். கடைசி நேரத்தில் படத்தைப் பக்கத்துத் திரைக்கு மாற்றினால் போச்சு! பழைய சாவி அங்கே வேலை செய்யாது. படத்தை அனுப்பிய நாட்டில் அப்போது நடுராத்திரியாக இருக்கலாம். புதுச்சாவி கேட்டு யாரை எழுப்புவது?

சென்சார் சான்றிதழ் இல்லாத படங்களைப் போட டெல்லியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விதிவிலக்கு வாங்க வேண்டும். சப்-டைட்டில் வசனத்துக்கு முன்னே ஓடுகிறதா, பின்னே ஓடுகிறதா என்று முதல் நாளே ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மிதந்தது. விழா 2016 ஜனவரிக்குப் போனது. கொரோனாவால் 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போன விழாவும் உண்டு. ஒவ்வொரு தடவையும் தியேட்டர், படம், விருந்தாளி எல்லாவற்றுக்கும் முதலில் இருந்து பேச வேண்டும்.

வாசலில் பாஸ் பார்த்து உள்ளே விடுகிற பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். பல ஊர் விழாக்களில் இவர்கள் கல்லூரி மாணவர்கள். காலை முதல் இரவு வரை நிற்பார்கள். கிடைப்பது சாப்பாடும் ஒரு சர்டிபிகேட்டும். சர்டிபிகேட்டைக் காட்டினால் கண்டக்டர் டிக்கெட் கொடுப்பாரா? பஸ் காசாவது கொடுங்கள் ஐயா!

ராட்டர்டாம் வரை போன படம்

நல்ல விழாவால் ஒருவர் வாழ்க்கையே மாறும். பி.எஸ்.வினோத்ராஜ் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சென்னை டி.வி.டி. கடையிலும் வேலை பார்த்தவர். அவருடைய "கூழாங்கல்" படம் 2021-ல் நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. பரிசு 40 ஆயிரம் யூரோ. விருது வாங்கிய தமிழ்ப் படத்தை நம் ஜனங்கள் எப்போது பார்த்தார்கள்? 2023 அக்டோபரில், ஓ.டி.டி.யில்! இரண்டரை வருஷம்! அவ்வளவு பெரிய விருதுக்கே இந்தக் கதி என்றால், மெயிலில் வந்த முத்திரையை வைத்து நம்ம தம்பி என்ன செய்வார்?

இன்னொரு வழி இருக்கிறது. ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி.அமுதன் "மறுபக்கம்" அமைப்பின் மூலம் 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழா நடத்தி வருகிறார். உ.பி.யில் கோரக்பூரில் 2006-ல் ஒரு விழா தொடங்கினார்கள். கம்பெனி விளம்பரம் வேண்டாம், அரசுப் பணம் வேண்டாம் என்று பார்க்க வருகிறவர்களிடமே காசு திரட்டினார்கள். அதைப் பார்த்து வேறு பல ஊர்களிலும் ஆரம்பித்தார்கள்.

அமுதன் "கதிர்வீச்சுக் கதைகள்" என்று மூன்று பாகம் எடுத்திருக்கிறார். அதில் ஒரு பாகம் கல்பாக்கம். நம்ம கல்பாக்கம்தான்! புதுப்பட்டினத்தில், சதுரங்கப்பட்டினத்தில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? படம் சொல்வது சரி என்பவரும் இருப்பார், தப்பு என்பவரும் இருப்பார். அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் குடும்பங்கள் இங்கேதானே இருக்கின்றன! சண்டை போடுவதற்காவது ஒரு தடவை பார்க்க வேண்டாமா? சென்னை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். இரவுக் காட்சி பார்த்துவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்சுக்கு நின்றவருக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

இதைத்தான் தம்பியிடம் சொன்னேன்.

"அடுத்த தடவை 30 டாலர் கட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளு. எந்தத் தியேட்டர்? என்ன தேதி? போன வருஷம் என்ன படம் போட்டாங்க? அந்தப் படம் எடுத்தவங்க ரெண்டு பேரைக் கேட்டுப் பாரு. பதில் வரலைன்னா பணத்தை எடுக்காதே."

"அதுவரைக்கும் படத்தை என்ன சார் செய்யுறது?"

"பாட்டிக்குக் காட்டுப்பா!"

குப்பத்தில் வெள்ளை வேட்டி கட்டிப் போடலாம் என்று பேச்சு நடக்கிறது. கல்யாண மண்டபக்காரர் ஒருவர் 50 நாற்காலி தருவதாகச் சொல்லி இருக்கிறார். பாட்டிக்கு முதல் வரிசை. அமுதனின் கல்பாக்கம் படத்தையும் கேட்டு எழுதச் சொல்லி இருக்கிறேன்.

புரொஜெக்டர்தான் இன்னும் கிடைக்கவில்லை.