இரண்டாயிரம் வருசக் கதை

ஓ.எல். படிக்கிற காலத்தில் கொஞ்ச நாள் கராத்தே வகுப்புக்குப் போனேன். ஒருநாள் மாஸ்டர், கையைப் பிடித்தால் எப்படித் தப்புவது என்று காட்டினார். "மாஸ்டர், பிடிச்ச ஆள் விடாமல் இழுத்தால் இது சரிவருமோ?" என்று கேட்டேன். "இது இரண்டாயிரம் வருசத்துக் கலை. நீ அதில பிழை பிடிக்கிறியோ?" என்றார். முப்பது புஷ் அப் எடுக்க வைத்தார். என்ர கேள்விக்கு மறுமொழி இண்டைக்கு வரைக்கும் வரேல்லை.

பிறகு கிழக்காசியத் தற்காப்புக் கலைகள் மேற்கு நாடுகளுக்குப் போன வரலாற்றை வாசித்தபோது, அதே மறுமொழி அங்கேயும் காசுக்கு விற்கப்படுவதைக் கண்டேன். புராதனம், மர்மம், குரு சொன்னால் கேள். இதைக் கலைக்குச் செய்யும் மரியாதை எண்டு சொல்லுவினம். நான் இதை அவமரியாதை என்கிறேன்.

முதலில் வயதைப் பார்ப்பம். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ, 1882இல் தோக்கியோவில் ஒரு பௌத்த கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த இடத்தில் கொடோகன் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் இலக்கியப் பீடத்தில் அரசியல், பொருளியல், மெய்யியல் படித்தவர். எங்களை மாதிரி ஒரு ஆர்ட்ஸ் பெடியன்! பழைய ஜுஜுத்ஸு பள்ளிகளில் கற்றதை வைத்துக்கொண்டு, பயிற்சி ஆட்டத்திலிருந்து ஆபத்தான அடிகளை எடுத்துவிட்டார். ஏன்? அப்போதுதான் இரண்டு பேரும் முழுப் பலத்தோடு ஒவ்வொரு நாளும் மோதிப் பார்க்கலாம். தள்ளுகிறவனைத் திருப்பித் தள்ளாதே, அவன் வருகிற பக்கமே இழு, சமநிலை குலையும் கணத்தில் எறி. இந்த விதியை ஒருவரும் நம்பத் தேவையில்லை. பாயில் இறங்கிச் சோதித்துப் பார்த்தால் போதும்.

கராத்தே? ஒகினாவாவில் அதைச் "சீனக் கை" என்று பொருள்படும் எழுத்தால் எழுதினார்கள். சீனாவோடு யப்பான் பகை வளர்த்த காலத்தில் அந்த எழுத்து "வெறுங்கை" ஆனது. 1936இல் நாஹாவில் கூடிய ஆசான்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். தேக்வாண்டோ என்ற பெயர் 1955இல் வந்தது. அதை உருவாக்கிய முதல் தலைமுறையில் பலர் கராத்தே படித்தவர்கள். வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில் வரும் வண்ணப் பட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் வளர்ந்த வழக்கம். 1930களில் பாரிஸில் கவாயிஷி மிக்கினோசுக்கே அவற்றைப் பரப்பினார். நாங்கள் காசு கட்டிச் சோதனை எழுதி வாங்கிற மஞ்சள் பட்டிக்கு எங்கட பூட்டனின் வயதுகூட இராது.

தொடக்கத்தில் மேற்கிலும் இது மர்மமாக இருக்கவில்லை. 1900க்குப் பிறகு லண்டன் மேடைகளில் யுகியோ தானி என்ற சின்ன உருவ மனிதர், "வாற ஆள் வரலாம்" என்று பெரிய மல்லர்களைச் சவாலுக்கு அழைத்தார். ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ள இடித் கரட், வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களுக்கு 1913இல் ஜுஜுத்ஸு பழக்கினார். தலைவிகளைப் பொலிஸ் திரும்பவும் பிடிக்காமல் தடுக்கிறதுக்கு. அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டது வீதியில் வேலை செய்யும் ஒரு முறை. அது எத்தனை ஆயிரம் வருசம் பழசு என்று கேட்டுக்கொண்டு நிற்க அவர்களுக்கு நேரமில்லை.

மர்மக் கதை பெரிதானது பிறகு. 1948இல் ஜேர்மன் மெய்யியலாளர் ஒய்கன் ஹெரிகல், வில்வித்தையும் சென் பௌத்தமும் ஒன்று என்பதுபோல ஒரு நூல் எழுதினார். மேற்குலகம் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. ஆனால் அவருடைய ஆசான் ஆவா கென்ஸோ முறையாகச் சென் பயின்றவரே இல்லை என்றும், பல விசயங்கள் மொழிபெயர்ப்பாளர் ஊடாக வந்து மாறியவை என்றும் யமதா ஷோஜி என்ற யப்பானிய ஆய்வாளர் பிறகு காட்டினார். பழைய வடிவங்களைக் கண்ணை மூடிப் பின்பற்றாதே என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன புரூஸ் லீயையே, பழங்கால ஞானியாக்கிப் போஸ்டரில் ஒட்டினார்கள்.

"பழமையைப் புகழுறது நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். நல்லதில்லை. நியூட்டனுக்கு வருசம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, அவரோடு வாதாடலாம். ஆசியாக்காரன் செய்தது மட்டும் "காலங்காலமாக" வந்ததாம். அப்படிச் சொன்னவுடன் யோசித்த மனிதன் காணாமல் போகிறான். கானோவின் மூளை மறைந்து, மூடுபனிக்குள் ஒரு கிழவர் மட்டும் மிஞ்சுகிறார். அந்தக் கிழவரைக் கேள்வி கேட்க ஏலாது. அவருடைய பெயரைச் சொல்லிப் பிழைக்கிற மாஸ்டரையும் கேட்க ஏலாது.

அந்தக் கதவு 1993இல் டென்வரில் உடைந்தது. பல பாணிக்காரர் மோதிய முதலாவது யூ.எஃப்.சி. போட்டியில், உடம்பால் சிறியவரான ரொய்ஸ் கிரேஸி வென்றார். இரத்தக்களரியான வியாபாரம் அது, நான் அதைக் கொண்டாடவில்லை. ஆனால் அவருடைய குடும்பக் கலையின் வேரைத் தேடினால், 1914இல் பிரேசிலுக்குப் போன மயேதா மிட்சுயோ என்ற கொடோகன் மாணவரிடம் போய் நிற்கும். எதிர்க்கிற ஆளோடு பயின்றவர்கள் வென்றார்கள். காற்றில் வடிவம் மட்டும் போட்டவர்கள் திணறினார்கள்.

இனி எங்கட பக்கம். 2011இல் ஏழாம் அறிவு பார்த்துவிட்டு, சீனாக்காரனுக்குச் சண்டை பழக்கினது தமிழன் என்று நெஞ்சை நிமிர்த்தினோமே, நானும்தான். போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 6ஆம் நூற்றாண்டுடையது. அதில் சண்டைக்கலை பற்றி ஒரு சொல்லும் இல்லை, அவரைப் பாரசீகர் என்கிறது. அவரை உடற்பயிற்சியோடு இணைத்த நூல் 17ஆம் நூற்றாண்டில் வந்தது. சீன ஆய்வாளர் தாங் ஹாவ் 1930இலேயே இந்தக் கதையை மறுத்துவிட்டார். மேற்கு நாட்டுக் கராத்தே புத்தகங்களிலும் இதே கதைதான். அவர்கள் மர்மத்துக்காக வாங்கினார்கள், நாங்கள் பெருமைக்காக வாங்கினோம். கடை ஒண்டுதான்.

தம்பி, தங்கச்சிமாரே, வகுப்புக்குப் போங்கோ. குனிந்து வணக்கமும் சொல்லுங்கோ. ஆனால் மாஸ்டர் ஒரு பிடியைக் காட்டினால், "நான் உண்மையா எதிர்த்தால் இது வேலை செய்யுமோ?" என்று கேளுங்கோ. நல்ல மாஸ்டர் என்றால் "வா, பிடி" என்பார். புஷ் அப் எடுக்கச் சொன்னால், எடுத்துப்போட்டுத் திரும்பவும் கேளுங்கோ.