மணி அடித்த பிறகு ஒரு பந்து

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'கைப்பந்து' என்று எழுதினால் நீங்கள் வாலிபாலை நினைத்துக்கொள்வீர்கள். 'எறிபந்து' என்றால் பள்ளிக்கூட கிரவுண்டில் ஆடுகிற த்ரோபால் ஞாபகம் வரும். ஆகவே தமிழ்ப்பற்றைச் சட்டையோடு சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இந்த வாரம் முழுக்க 'ஹேண்ட்பால்' என்றே எழுதப்போகிறேன். தமிழாசிரியர்கள் மன்னிக்க.

2024 ஜனவரி 26. குடியரசு தின லீவு. காலையில் டெல்லி அணிவகுப்பு, மத்தியானம் வெங்காய சாம்பார், அப்புறம் மூன்று மணி நேரத் தூக்கம். இப்படி ஒரு பகலைக் கழித்தவனுக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வரும்? பையனின் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டு இருந்தபோது தற்செயலாக மாட்டியது ஒரு மேட்ச். ஜெர்மனியில் கொலோன் நகரம். உள் அரங்கம். இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஜனம். ஐரோப்பிய ஆண்கள் ஹேண்ட்பால் போட்டியின் அரை இறுதி. பிரான்ஸும் ஸ்வீடனும்.

பால் டம்ளருடன் வந்த என் மனைவி ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, இவங்க எல்லாம் பந்தைக் கையில எடுத்துக்கிட்டு ஃபுட்பால் ஆடறாங்களே, ரெஃப்ரி ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்றாள்.

ஹேண்ட்பாலுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எந்த ரூல் புத்தகத்திலும் கிடையாது.

கோர்ட் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஏழு பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. பந்தைப் பிடித்துக்கொண்டு மூன்று அடி நடக்கலாம், மூன்று விநாடி வைத்திருக்கலாம். அதற்குள் எறியணும், பாஸ் பண்ணணும், இல்லை தரையில் தட்டணும். கோலுக்கு முன்னால் ஆறு மீட்டரில் ஒரு கோடு. அதற்கு உள்ளே கோல்கீப்பர் ஒருவர்தான் நிற்கலாம். மற்றவர்கள் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி, அந்தரத்தில் இருக்கும்போதே பந்தை விட்டுவிட வேண்டும். கால் தரைக்கு வந்த பிறகு எறிந்தால் செல்லாது.

கோல்கீப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்தைக் கையில் க்ளவுஸ் இல்லாமல், தலையில் ஹெல்மெட் இல்லாமல், கையையும் காலையும் விரித்துக்கொண்டு எதிர்கொள்கிறார் அந்த மனிதர். மாசக் கடைசியில் மளிகைக் கடைக்காரரை எதிர்கொள்வதைவிடத் தைரியமான காரியம் இது ஒன்றுதான்.

கையில் பிசின் தடவிக்கொள்கிறார்கள், பந்து நழுவாமல் இருக்க. நம்மில் சிலர் ஆபீஸ் நாற்காலியில் தடவிக்கொண்டு உட்காருகிறோமே, அந்த ஜாதி. தப்பாட்டம் ஆடினால் இரண்டு நிமிஷம் வெளியே போய் உட்காரச் சொல்கிறார்கள். ஒரே ஆள் மூன்று தடவை உட்கார்ந்தால் அப்படியே வீட்டுக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்த ரூல் வேறு. ஒரு டீம் கோல் போடும் எண்ணமே இல்லாமல் பந்தைச் சும்மா இவனிடமிருந்து அவனுக்கு, அவனிடமிருந்து இவனுக்கு என்று மாற்றிக்கொண்டே இருந்தால், ரெஃப்ரி கையைத் தூக்குவார். 'பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்' என்று அர்த்தம். அதன் பிறகு நான்கு பாஸ்தான். 2022 வரை ஆறு பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அப்புறம் நாலாகக் குறைத்துவிட்டார்கள். அதற்குள் எறியாவிட்டால் விசில், பந்து எதிர் டீமுக்கு.

இந்த ரூலைப் படித்ததும் எனக்கு ஒரு ஃபைல் ஞாபகம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்களும் பொறுமையாகப் பாஸ் பண்ணிக்கொண்டே வாருங்கள்.

இந்த ஐரோப்பியப் போட்டி 1994-ல் போர்ச்சுகலில் ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. 2000-லிருந்து ஜனவரி மாசத்துப் பண்டிகை. வெளியே பனி, உள்ளே அனல். முதல் கோப்பை ஸ்வீடனுக்கு. ஃபைனலில் ரஷ்யாவை 34-21 என்று துவைத்துக் காயப்போட்டார்கள். முதல் ஐந்து கோப்பைகளில் நாலு ஸ்வீடன் வீட்டு அலமாரியில். 1994, 1998, 2000, 2002. கடைசி இரண்டும் எக்ஸ்ட்ரா டைம் வரை போய் மூச்சு வாங்க ஜெயித்தவை. பெங்ட் யோஹான்ஸன் என்ற கோச், மாக்னஸ் விஸ்லாண்டர் போன்ற ஆட்டக்காரர்கள். அது ஒரு காலம்.

அப்புறம் இருபது வருஷம் வறட்சி. பிரான்ஸ், டென்மார்க், ஜெர்மனி, ஸ்பெயின் என்று ஆளுக்கு ஆள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போக, ஸ்வீடன் கை தட்டிக்கொண்டிருந்தது.

2022-ல் மழை பெய்தது. புடாபெஸ்ட்டில் ஃபைனல். எதிரே ஸ்பெயின். 2018, 2020 என்று இரண்டு முறை வரிசையாக வாங்கிவிட்டு மூன்றாவதுக்கு வந்திருந்தார்கள். 26-26 என்று இருக்கும்போது ஆட்ட நேரம் முடிந்துவிட்டது. ஆனால் ஸ்வீடனுக்கு ஒரு பெனால்டி பாக்கி. ஏழு மீட்டரிலிருந்து ஒரே ஒரு எறி. நிக்லாஸ் எக்பெரி வந்தார், எறிந்தார். 27-26. கடிகாரம் செத்த பிறகு பிறந்த கோல். இருபது வருஷக் கோப்பை.

அந்தப் போட்டியில் ஃபைனலுக்கு முன்னால் அரை இறுதியில் ஸ்வீடன் யாரை ஜெயித்தது தெரியுமா? பிரான்ஸை. 34-33. ஒரே ஒரு கோல்.

இங்கே ஒரு ஆளை அறிமுகப்படுத்த வேண்டும். எலோயிம் பிராந்தி. பெயரைத் தமிழில் எழுதினால் அப்படித்தான் வருகிறது, சிரிக்காதீர்கள். இதைப் பையனிடம் சொல்லி நானும் முதலில் சிரித்தேன். அப்புறம் அவர் கதையைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

1998-ல் பிறந்தவர். பாரிஸ் கிளப் ஆட்டக்காரர். இடது பக்கத்திலிருந்து பீரங்கி மாதிரி எறிகிறவர். 2022-ல் ஐரோப்பியப் போட்டிக்குப் போக வேண்டிய பையன். புது வருஷம் பிறந்த ராத்திரி பாரிஸில் அவரைக் கத்தியால் குத்திவிட்டார்கள். ஒரு குத்து இல்லை, பல குத்து. முக்கியமான உறுப்பு எதிலும் படாமல் போனது தெய்வாதீனம். போட்டி தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. டீம் ஹங்கேரிக்குப் போனது. இவர் போகவில்லை.

அவர் இல்லாத பிரான்ஸ் ஸ்வீடனிடம் ஒரு கோலில் தோற்றது. அவர் இருந்திருந்தால் ஜெயித்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். 'அவர் இருந்திருந்தால்' என்று ஆரம்பிக்கிற வாக்கியத்துக்கு எந்த ஸ்கோர் போர்டிலும் இடம் கிடையாது. ஆனால் படுத்திருக்கும் ஒருத்தன் அந்த ஒரு கோலை எத்தனை தடவை மனசுக்குள் போட்டுப் பார்த்திருப்பான் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, அதே அரை இறுதி. அதே ஸ்வீடன். என் பையனின் கம்ப்யூட்டரில்.

கடைசி நொடி. ஸ்வீடன் 27, பிரான்ஸ் 26. பிரான்ஸுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. நேரம் முடிந்தாச்சு. இனிமேல் ஓட முடியாது, பாஸ் கிடையாது, எம்ப முடியாது. ஒரு காலைத் தரையில் ஊன்றினபடி எறிய வேண்டும். அதுவும் ஒன்பது மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து. எதிரே மூன்று மீட்டர் தள்ளி ஸ்வீடன்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு சுவர் மாதிரி. ஒவ்வொருவரும் நம் ஊர் டெலிபோன் கம்பம் உயரம். அதற்குப் பின்னால் கோல்கீப்பர். இந்த எறியில் சாதாரணமாக ஒன்றும் நடக்காது. பந்து யாராவது ஒருத்தர் கையில் பட்டுத் திரும்பும், எல்லோரும் கை குலுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சம்பிரதாயத்துக்கு ஒரு எறி.

டவுன் பஸ் ஃபுட்போர்டில் ஒற்றைக் கால் மட்டும் வைத்துத் தொங்கியிருக்கிறீர்களா? மிச்ச உடம்பு முழுக்க ரோட்டின் மேல் சாய்ந்திருக்குமே? பிராந்தி அப்படிச் சாய்ந்தார். கை எங்கேயோ சுற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தேன். அடுத்த கணம் பந்து வலைக்குள்.

27-27.

நான் கத்திய கத்தலில் பக்கத்து ஃப்ளாட்டில் லைட் எரிந்தது.

எக்ஸ்ட்ரா டைம் பத்து நிமிஷம். பிரான்ஸ் ஏழு போட்டது, ஸ்வீடன் மூன்று. 34-30. இரண்டு நாள் கழித்து ஃபைனலில், உலகக் கோப்பையைத் தொடர்ந்து மூன்று முறை வாங்கியிருந்த டென்மார்க்கையும் எக்ஸ்ட்ரா டைமில் 33-31 என்று முடித்தார்கள். 39 வயசு நிகோலா கராபாடிச்சுக்கு அது நான்காவது ஐரோப்பியத் தங்கம். முதல் தங்கம் 2006-ல்! அந்த வருஷம் வாங்கிய என் ஸ்கூட்டர் என்றைக்கோ காயலான் கடைக்குப் போய்விட்டது.

கதை இத்தோடு முடிந்தால் சினிமா. ஆனால் ஸ்வீடன்காரர்கள் மனு போட்டார்கள். எறியும்போது பிராந்தியின் கால் தரையை விட்டு எழும்பிவிட்டது, கோல் செல்லாது என்று. மனு தள்ளுபடி ஆனது. ரெஃப்ரி விசில் ஊதியது ஊதியதுதான்.

மறுநாள் அந்த எறியை நானும் என் மனைவியும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம்.

"தூக்கிட்டானா, இல்லையா?" என்றேன்.

"உங்களுக்கு அவன் ஜெயிக்கணும். அதனால உங்க கண்ணுக்குக் கால் தரையிலதான் இருக்கும். ஸ்வீடன்ல ஒருத்தன் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பான். அவன் கண்ணுக்கு ஒரு ஜாண் மேல இருக்கும்" என்றாள்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஸ்வீடன்காரன் கஷ்டமும் கஷ்டம்தானே? மணி அடித்த பிறகு வந்த ஒரு பந்தில் 2022-ல் கோப்பை வாங்கியவன், மணி அடித்த பிறகு வந்த இன்னொரு பந்தில் 2024-ல் ஃபைனலை இழந்தான். ஆட்டம் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. நாம்தான் வைத்துக்கொள்கிறோம்.

சரி, அந்த ஃபைல்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. எங்கள் ஆபீஸ் பியூன் ஒருவர் சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனார். அவர் சம்சாரத்துக்குக் குடும்பப் பென்ஷன் வர வேண்டும். ஃபைல் சுற்றியது. 'பேசவும்' என்று ஒருத்தர் எழுதுவார். 'பேசினேன்' என்று இன்னொருத்தர் எழுதுவார். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷம், பதினோரு மேஜை. கையைத் தூக்க அங்கே ரெஃப்ரி இல்லை. அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருத்தன். என் மேஜையில் நாற்பது நாள் தூங்கியது. காரணம்? காரணமே இல்லை ஸார். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த அம்மா மாசத்துக்கு ஒரு முறை வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை.

கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி ரிட்டயர் ஆகும் நாள். அவர் போய்விட்டால் புதுசாக வருகிறவரிடம் ஃபைல் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். சாயங்காலம் பாராட்டுக் கூட்டம், சால்வை, மாலை, போட்டோ எல்லாம் ஆயிற்று. மணி ஐந்தே முக்காலைத் தாண்டிவிட்டது. கடைசியாக ஒரு தடவை தன் ரூமுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன தைரியத்தில் செய்தேனோ, ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஹெட் கிளார்க் பதறினார். "ஸார், டைம் ஆயிடுச்சு. பார்ட்டியே முடிஞ்சுது. இப்ப போட்டா செல்லுமா?"

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாக. என் நாற்பது நாளையும் பார்த்திருப்பார். ஒன்றும் சொல்லவில்லை. மாலையைக் கழற்றி மேஜையில் வைத்தார். பேனாவைத் திறந்தார்.

"நான் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலையேப்பா" என்றார்.

மூன்று மாசத்தில் அந்த அம்மாவுக்குப் பணம் வந்துவிட்டது. எனக்கு நன்றி சொல்ல வாழைப்பழத்தோடு வந்தார். நாற்பது நாள் கணக்கு அவருக்குத் தெரியாது. வாங்கிக்கொள்ளவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் நின்றேன்.

பிராந்தியின் கால் தரையில் இருந்ததா என்று என்னைக் கேட்டால், நான் நியாயமான சாட்சி இல்லை.